மணிமேகலையில் உறையுள்: வீடிழந்த பெண்களும் பேணுநர் இல்லா முதியோரும்

ஆய்வுச் சுருக்கம்

மணிமேகலை, பசிப்பிணி தீர்க்கும் காப்பியமாகவே பெரிதும் பயிலப்பட்டு வந்துள்ளது. ஆயினும் அறத்திற்கு அக்காப்பியம் தரும் விளக்கத்தில் உணவோடு உடையும் உறையுளும் ஒருங்கே வைக்கப்பட்டுள்ளன. இம்மூன்றனுள் உறையுள், கதைப்போக்கில் எங்கே நிறைவேறுகிறது, எங்கே நிறைவேறாது நிற்கிறது என்பதை வீடிழந்த பெண்கள், ஆதரவற்ற முதியோர் ஆகியோரின் நிகழ்ச்சிகள் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. கூரை மட்டும் உறையுள் ஆகாது. கதவும், அக்கதவின் தாழ் யார் கையில் உள்ளது என்பதும், உடனிருந்து பேணுவோரும் சேர்ந்ததே உறையுள் என்னும் அளவுகோலைக் காப்பிய நிகழ்ச்சிகள் தருகின்றன. இன்றைய சட்டங்களையும் தங்குமிடத் திட்டங்களையும் மதிப்பிடவும் அவ்வளவுகோல் பயன்படும் என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மணிமேகலை, உறையுள், உலக அறவி, அம்பலம், முதுமை, வீடற்ற பெண்கள், மாதரி

முன்னுரை

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை முப்பது காதைகளால் ஆனது. 1898இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த நாள்முதல் இக்காப்பியம் பௌத்த நூலாகவும், அளவை நூற் கருத்துகளின் களஞ்சியமாகவும், பெண் துறவின் வரலாறாகவும் ஆராயப்பட்டுள்ளது. இவை அனைத்தினும் மேலாக அமுதசுரபியின் காப்பியம் என்றே அது பொதுவாசகர் நினைவில் நிற்கிறது. உணவளித்தலை உயிரளித்தலாகக் கருதும் அதன் கொள்கை மேடைகளிலும் பாடநூல்களிலும் திரும்பத் திரும்ப எடுத்துரைக்கப்படுகிறது.

இந்தப் புகழ் ஒரு வினாவை மறைத்துவிட்டது. அறம் யாது என்னும் வினாவிற்குக் காப்பியம் தரும் விடையில் மூன்று பொருள்கள் உள்ளன: உணவு, உடை, உறையுள். முதற்பொருளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. மூன்றாவது பொருள் அம்மூன்றன் வரிசையை நிறைவு செய்யும் சொல்லாக மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆனால் காப்பியத்துள் வருவோரில் பலர் வீட்டை இழந்தவர்கள் அல்லது வீட்டைவிட்டு நீங்கியவர்கள். மாதவி, மணிமேகலை, சுதமதி, சாலி, காயசண்டிகை, ஆபுத்திரன் ஆகிய அனைவரும் ஏதோ ஒரு நிலையில் மனைக்குப் புறத்தே நிற்கின்றனர். ஆகவே உறையுளை வாழ்வியல் தேவையாகக் கொண்டு இக்காப்பியத்தை மறுவாசிப்புச் செய்வது பொருத்தமுடையது.

அறத்தின் விளக்கமும் கதையின் நிறைவும்

அறத்தின் விளக்கம் யாரிடம் சொல்லப்படுகிறது என்பது முதலில் நோக்கத்தக்கது. ஆபுத்திரனே மறுபிறப்பில் புண்ணியராசனாகிச் சாவக நாட்டை ஆள்கிறான். துறவை நாடிய அவனிடம் மணிபல்லவத்தில் மணிமேகலை இவ்விளக்கத்தை உரைக்கிறாள். அவள் துறவி, அவன் நாடாள்பவன். நாட்டைவிட்டு வந்த அரசனை நாட்டை நோக்கித் திருப்பும் இடத்தில்தான் உறையுள் என்னும் சொல் வருகிறது. எனவே இம்மூன்றையும் தனிமனிதர் செய்யும் ஈகையாக மட்டும் கொள்வது பொருந்தாது. இவை மன்னுயிர் அனைத்திற்கும் உரியனவாக ஆள்வோன் முன் வைக்கப்படும் கடமைகள்.

இவ்விளக்கத்தைக் கதை எவ்வளவு தூரம் நிறைவேற்றுகிறது? ஆபுத்திரன் மதுரையில் சிந்தாதேவி கோயிலை அடுத்த அம்பலத்தில் தங்குகிறான். பகலெல்லாம் ஐயம் ஏற்று, கண்ணிலார், செவியிலார், கால் முடப்பட்டோர், பிணியுற்றோர், பேணுநர் இல்லாதோர் ஆகியோரை அழைத்து உண்பித்து, எஞ்சியதைத் தானுண்டு, ஐயக்கடிஞையையே தலைக்கு வைத்துத் துயில்கிறான். இருளிலும் மழையிலும் வந்து உணவு வேண்டுவோருக்குக் கொடுக்க வழியின்றி அவன் வருந்தும்போது தெய்வம் கொடுப்பது அள்ளக் குறையாத பாத்திரம். நள்ளிருளில் வந்தோர் எங்கே படுத்தனர் என்னும் செய்தி கதையில் இடம்பெறவில்லை.

காவிரிப்பூம்பட்டினத்துச் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆகும் நிகழ்ச்சி இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது. சிறையிலிருந்தோர்க்கு உணவளித்த மணிமேகலையின் வேண்டுகோளை ஏற்று மன்னன் சிறையை அறத்திற்கு உரியதாக மாற்றுகிறான். மாற்றப்பட்ட கோட்டத்துள் அமைந்தவற்றைச் சாத்தனார் எண்ணிச் சொல்கிறார். புத்தனுக்குக் கோயில் உண்டு. அறவோர்க்குப் பள்ளி உண்டு. சமைக்கும் சாலையும் உண்ணும் சாலையும் உண்டு. ஏதிலார் தங்குவதற்கான இடம் அவ்வெண்ணிக்கையில் இல்லை. காஞ்சியிலும் இளங்கிள்ளி பொழிலும் பொய்கையும் பீடிகையும் சமைக்கிறான், பீடிகைமேல் அமுதசுரபி அமர்கிறது, பசித்தோர் திரள்கின்றனர். கட்டடம் எழும் இடங்களிலெல்லாம் உறையுள் துறவிக்கும் தெய்வத்திற்கும் கிடைக்கிறது. ஏதிலார்க்கு உணவு கிடைக்கிறது.

துறவைப் போற்றும் காப்பியம் வீட்டைப் பற்றாகக் காண்பதால் உறையுளைப் பொருட்படுத்தவில்லை என ஒரு மறுப்பு எழலாம். அது முழுதும் பொருந்தாது. துறவிக்கும் பள்ளி வேண்டும் என்பதைக் காப்பியம் மறவாது கூறுகிறது. இடைவெளிக்குக் காரணம் வேறு. உணவை வற்றாது சுரக்கும் பாத்திரம் ஒன்றைக் கதையால் படைக்க முடிந்தது. உறையுளுக்கு நிலமும் ஆணையும் காவலும் வேண்டும். அவை தெய்வத்தின் கொடையாக வருவதில்லை. மூன்றாவது பொருள் அரசனிடம் சொல்லப்படுவதன் காரணத்தை இங்கே காணலாம்.

பலர் புகும் வாயில்: அம்பலத்தில் பெண்

வீடற்றோர்க்குப் புகாரில் இருந்த இடம் உலக அறவி. அதனை மணிமேகலைக்குக் காட்டுபவள் காயசண்டிகை. யானைத்தீ என்னும் பெரும்பசி நோயோடு கணவனைப் பிரிந்து ஊரில் திரிபவள் அவள். ஊர்தோறும் பசித்து வந்தோரும், ஆருமின்றிப் பிணியுற்றோரும் இடுவோரை எதிர்நோக்கி அங்கே இருக்கின்றனர் என்று அவள் சொல்கிறாள். நகரின் வீடற்றோர் யாவர், எங்குள்ளனர் என்னும் அறிவு அவ்வாழ்வை வாழ்ந்த ஒரு பெண்ணிடமிருந்து வருவது குறிப்பிடத்தக்கது.

உலக அறவியின் வாயிலைப் பலர் புகுவதற்காக அகலத் திறந்த வாயிலாகக் காப்பியம் வருணிக்கிறது. இதுவே அதன் சிறப்பு. குலம், ஊர், தொழில் எதுவும் கேட்கப்படுவதில்லை. இதுவே அதன் குறையும் ஆகிறது. பசித்தவன் புகும் வாயில் வழியே உதயகுமரனும் புகுகிறான். அவன் வருகையை அறிந்த மணிமேகலை சம்பாபதி கோயிலுள் சென்று, மணிமேகலா தெய்வம் அருளிய மந்திரத்தால் காயசண்டிகையின் வடிவம் கொள்கிறாள். பொதுவிடத்தில் தங்கும் இளம்பெண் தன் உருவில் இருக்க இயலாமல், கண்டோர் விரும்பாத நோயுற்ற உருவில் மறைய வேண்டியதாகிறது. அவ்வடிவும் அவளைக் காக்கவில்லை. காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவி எனக் கருதி ஐயுற்று, இரவில் அவ்வம்பலத்திலேயே உதயகுமரனை வாளால் வீழ்த்துகிறான். குற்றம் செய்யாத மணிமேகலை சிறைப்படுகிறாள்.

மணிமேகலை பெற்ற மந்திரங்கள் மூன்று: வேற்றுருக் கொள்ளல், வான்வழிச் செல்லல், பசியின்றி இருத்தல். முதலிரண்டும் தப்பும் வழிகள். மூன்றாவது இல்லாமையைத் தாங்கும் வழி. ஒரு பெண் வீடின்றி வாழ்வதற்கு எவை வேண்டும் என்று கவிஞர் எண்ணியதை இம்மூன்றும் புலப்படுத்துகின்றன. இம்மந்திரங்கள் இல்லாத பெண்களின் நிலையைச் சாலி காட்டுகிறாள். வாரணாசியில் கணவனோடு வாழ்ந்த அவள் ஒழுக்கத்திற் பிழைத்து, அஞ்சித் தென்திசை நோக்கி நடந்து, வழியில் ஈன்ற குழவியை இரவில் ஒரு தோட்டத்தில் விட்டு நீங்குகிறாள். அவளுக்கு ஓர் அம்பலமும் இல்லை.

தாழிட்ட அறையும் மனை இழத்தலும்

திறந்த வாயில் தீங்கு தந்தது எனின், அடைத்த வாயில் காத்ததா? சிறைப்பட்ட மணிமேகலையை அரசி இராசமாதேவி தன்பால் அழைத்துக்கொள்கிறாள். வெளிப்பார்வைக்கு இது அடைக்கலம். உள்ளே நடப்பது வதை. அறிவைத் திரிக்கும் மருந்து கொடுக்கப்படுகிறது. இழிவுபடுத்த ஆடவன் ஒருவன் அனுப்பப்படுகிறான். நோயுற்றாள் என்று பொய் கூறிப் புழுக்கறையில் அடைத்து உணவு மறுக்கப்படுகிறது. அரண்மனையில் கூரையும் சுவரும் கதவும் காவலும் இருந்தன. கதவின் தாழ் மட்டும் உள்ளிருந்தவள் கையில் இல்லை. வீட்டுக்குள் நிகழும் வன்முறையை இத்துணைத் தெளிவாகக் காட்டும் பகுதிகள் பழந்தமிழ்க் காப்பியங்களில் மிகச் சில.

சித்திராபதியையும் இவ்விடத்தில் மறுமதிப்பீடு செய்யவேண்டும். பேர்த்தியைக் கணிகைத் தொழிலுக்கு இழுக்கும் பாட்டியாக, எதிர்நிலைப் பாத்திரமாகவே அவள் வாசிக்கப்படுகிறாள். அச்செயல் கண்டிக்கத்தக்கதே. ஆயினும் அவள் கூறும் வஞ்சினம் உற்றுநோக்கத்தக்கது. மணிமேகலையை அரசகுமரனின் தேரில் ஏற்றாவிடில், செங்கல் சுமத்தப்பட்டு அரங்கைச் சுற்றிவந்து வடுவோடு வாழும் மகளிரைப் போன்றவளாவேன் என்றும், கூத்தியர் மனைக்குள் புகும் உரிமை அற்றவளாவேன் என்றும் அவள் சூளுரைக்கிறாள். கணிகையர் குலத்து முதுமகள் ஒருத்திக்கு மனை என்பது அடுத்த தலைமுறைப் பெண்ணின் உடலோடு கட்டப்பட்டிருந்தது. மகள் துறந்தாள், பேர்த்தியும் துறக்கிறாள், பாட்டியின் முதுமைக்கு உறையுள் எது? இவ்வினாவைக் காப்பியம் எழுப்பவில்லை. சித்திராபதியின் கொடுமைக்குப் பின்னால் அவ்வச்சம் இருந்ததைச் சூளுரை காட்டிவிடுகிறது. ஒரு பெண்ணின் முதுமைப் பாதுகாப்பு, மற்றொரு பெண்ணின் விடுதலைக்கு எதிராக நிறுத்தப்பட்ட அமைப்பே இங்குக் குற்றவாளி.

பேணுநர் இல்லா முதுமை

காப்பியத்தில் முதியோரின் நிலை இரு நிகழ்ச்சிகளில் துலங்குகிறது. முதலாவது கோதமையின் கதை. அவளும் அவள் கணவனாகிய பார்ப்பனனும் கண்ணிழந்தவர்கள். ஒரே மகன் சார்ங்கலன் இரவில் சுடுகாட்டின் வழியே வந்து, பேய்மகளைக் கண்டு அஞ்சி உயிர் துறக்கிறான். கோதமை சம்பாபதியிடம் வேண்டுவது தன் உயிரைக் கொண்டு மகனின் உயிரைத் தருமாறு. அவ்வேண்டுதலுக்கு அவள் கூறும் காரணம், கண்ணில்லாத கணவனை மகன் காத்து ஓம்புவான் என்பது. தாயின் துயரோடு முதுமையின் கணக்கும் அவ்வேண்டுதலில் உள்ளது. ஒரே மகன்மேல் நின்ற வாழ்வு, அவன் வீழ்ந்ததும் வீழ்கிறது. ஊழின் வலிமையை விளக்கும் தெய்வம், எஞ்சிய முதியவனைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இரண்டாவது சுதமதியின் தந்தையின் கதை. சண்பை நகரத்தில் விஞ்சையன் ஒருவனால் கவரப்பட்டுப் புகாரில் கைவிடப்பட்ட மகளைத் தேடி வருகிறான் அவன். மகளைக் கண்டபின் நாடு திரும்பாமல் வீடுதோறும் ஐயம் ஏற்கிறான். கன்று ஈன்ற பசு ஒன்று அவன் வயிற்றைக் கிழிக்கிறது. அமணர் பள்ளியில் அடைக்கலம் மறுக்கப்பட்டுத் தெருவில் கதறும் தந்தையையும் மகளையும், நண்பகலில் ஐயத்திற்கு வந்த பௌத்தத் துறவி சங்கதருமன் காண்கிறான். பாத்திரத்தைச் சுதமதியின் கையில் கொடுத்து, முதியவனைத் தன் கையால் எடுத்துச் சென்று துறவோர் உறைவிடம் சேர்க்கிறான். அமணரைப் பற்றிய செய்தி சமயப் பூசல் காலத்துப் பௌத்தச் சார்புக் கூற்று என்பதை மறக்கலாகாது. அதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆயினும் நிகழ்ச்சியின் அமைப்பு உண்மையானது. கைவிடப்பட்ட பெண்ணும் நோயுற்ற முதியவரும் ஒரே தெருவில், ஒருவருக்கொருவர் மட்டுமே துணையாக நிற்கின்றனர். அவர்களுக்கு அப்பொழுது வேண்டியவை இடமும் தூக்கிச் செல்லும் கையும். சங்கதருமன் உணவுப் பாத்திரத்தைக் கீழே வைப்பதற்கு ஒப்பாக அதனை மகளிடம் கொடுத்துவிட்டே முதியவனைத் தூக்குகிறான். அமுதசுரபியின் காப்பியத்தில் இச்செயல் தனிக் கவனத்திற்குரியது.

மாதரியின் சிற்றில்: ஓர் ஒப்பீடு

உறையுள் முழுமையாக வழங்கப்படும் நிகழ்ச்சிக்குச் சிலப்பதிகாரத்தை நாடவேண்டும். மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகியைக் கவுந்தியடிகள் ஆயர் முதுமகளாகிய மாதரியிடம் அடைக்கலம் தருகிறார். மாதரி அவளைத் தன் இருப்பிடத்தின் ஒரு மூலையில் ஒதுக்கவில்லை. வேலி சூழ்ந்த, செம்மண் பூசிய தனிச் சிற்றில் ஒன்றைத் தருகிறாள். தன் மகள் ஐயையைத் துணையாக வைக்கிறாள். சமைக்கக் கலங்களும் அரிசியும் காயும் பாலும் நெய்யும் வந்து சேர்கின்றன. கண்ணகி அங்கே தானே சமைத்துக் கணவனுக்குப் படைக்கிறாள். ஏற்றுண்ணும் நிலையிலிருந்து சமைத்தளிக்கும் நிலைக்கு ஒருத்தியை உயர்த்துவது உறையுள் என்பதை இக்காட்சி உணர்த்துகிறது. கொடுத்தவளும் பெண், முதியவள், எளியவள் என்பது இதன் சிறப்பு. அடைக்கலம் காக்க இயலாது போன துயரில் மாதரி எரிபுகுந்ததாக நீர்ப்படைக் காதை கூறுகிறது.

இரு காப்பியங்களையும் ஒருங்கு வைத்தால் உறையுளின் கூறுகள் தெளிவாகின்றன. கூரை அம்பலத்தில் உண்டு. கதவு அரண்மனையில் உண்டு. பேணும் கை சங்கதருமனிடம் உண்டு. இவை மூன்றும், உள்ளிருப்போர் கையில் தாழும் ஒன்றுகூடிய இடம் மாதரியின் சிற்றில்.

இன்றைய நிலையில் இவ்வளவுகோல்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, பராமரிப்பு என்பதனுள் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றை அடக்குகிறது. மணிமேகலை கூறிய மூன்றோடு நான்காவதாக மருத்துவம் சேர்ந்துள்ளது. ஆனால் காப்பியத்தில் கண்ட அதே இடைவெளி இங்கும் தோன்றுகிறது. மாவட்டத்திற்குக் குறைந்தது ஒன்றாக, வறிய முதியோர் 150 பேருக்குக் குறையாமல் தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது பிரிவு 19. அங்குள்ள வினை 'அமைக்கலாம்' என்பது. 'அமைத்தல் வேண்டும்' என்பதன்று. பேணவேண்டும் என்னும் நிபந்தனையோடு சொத்தை மாற்றிக் கொடுத்த முதியோர், பேணப்படாதபோது அதனை மீட்கப் பிரிவு 23 வழி செய்கிறது. கொடுப்பதற்கு உடைமையே இல்லாத கோதமையர்க்கு அப்பிரிவால் பயனில்லை.

வீடற்றோர் தங்குமிடங்கள் பற்றிய உச்ச நீதிமன்ற ஆணைகள் 2010இல் பிறந்தன. அவை பிறந்தது 2001இல் தொடுக்கப்பட்ட உணவுரிமை வழக்கினுள் என்பது எண்ணத்தக்கது. உணவைப் பற்றிய வழக்கின் வழியாகவே உறையுள் நீதிமன்றத்தின் முன் வந்தது. பின்னர் 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், ஓர் இலட்சம் நகர மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் நிலையான தங்குமிடம் என்னும் அளவை வகுத்தது. இத்தங்குமிடங்கள் இக்காலத்து உலக அறவிகள். அவற்றின் தேவை ஐயத்திற்கு இடமற்றது. ஆயினும் இரவில் படுக்க இடம் தருவதும் ஒரு பெண்ணுக்கு உறையுள் தருவதும் ஒன்றல்ல.

கணக்கெடுப்பிலும் இதே சிக்கல் உள்ளது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் வீடற்றோர் 17.7 இலட்சம் பேர் எனக் காட்டியது. கூரையுள்ள கட்டடத்தில் வாழாதோரே அக்கணக்கில் வீடற்றோர். புழுக்கறையில் இருக்கும் பெண்ணும், மகன் வீட்டுத் திண்ணையில் ஒதுக்கப்பட்ட முதியவளும் அக்கணக்கில் வீடுடையோர்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, இவ்விடத்தில் ஒரு முன்னேற்றம். உடைமை உரிமை இல்லாவிடினும், பகிர்ந்து வாழும் இல்லத்தில் வசிக்கும் உரிமையை அதன் பிரிவு 17 பெண்ணுக்கு அளிக்கிறது. தாழ் யார் கையில் என்னும் வினாவைச் சட்டம் எதிர்கொண்ட இடம் அது. ஆனால் அதே வீட்டில் முதிய மாமனார் மாமியாரும் இருப்பர். முதியோர் சட்டத்தைக் கொண்டு மருமகளை வெளியேற்ற முயன்ற, பெங்களூருவிலிருந்து வந்த ஒரு வழக்கில், பெண்ணின் வசிப்புரிமையை முதியோர் சட்டத்தின் விரைவு நடைமுறையால் அழிக்கலாகாது என 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு சட்டங்களையும் இயைத்துப் பொருள் கொள்ளவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். தீர்ப்பு சரியானது. எனினும் ஒரே கூரையின்கீழ் நலிந்த இருவர் ஒருவர்க்கெதிராக ஒருவர் வழக்காட நேர்வது, வீட்டுக்கு வெளியே இருவருக்கும் வேறு உறையுள் இல்லாமையால்தான். சித்திராபதியும் மணிமேகலையும் எதிரெதிர் நின்றதற்கும் அதுவே அடிப்படை.

முடிவுரை

மணிமேகலைக் காப்பியம் உறையுளை அறத்தின் கூறாக அறிவித்தது. கதையால் அதனை நிறைவேற்றவில்லை. இதனைக் காப்பியத்தின் தோல்வி என்று மட்டும் கொள்ளவேண்டியதில்லை. உலக அறவி, புழுக்கறை, சுதமதியின் தெரு, கோதமையின் சுடுகாடு ஆகிய இடங்கள் வழியே, உறையுள் இன்மை எத்தனை வகைப்படும் என்பதை அது நுணுக்கமாகப் பதிவு செய்துள்ளது. பசியைக் காட்டிய கவிஞராகச் சாத்தனாரைப் போற்றும் ஆய்வுலகம், இடமின்மையைக் காட்டிய கவிஞராகவும் அவரை வாசிக்கவேண்டும்.

அவ்வாறு வாசிப்போர்க்கு மூன்று முடிபுகள் கிடைக்கின்றன. ஒன்று, உணவுக்கொடையை உறையுளுக்கு ஈடாகக் கருதலாகாது. இரண்டு, பெண்ணின் உறையுளை அளக்கும்போது கூரையோடு கதவின் தாழ் யார் கையில் என்பதையும், முதியோரின் உறையுளை அளக்கும்போது பேணும் கை உண்டா என்பதையும் கேட்கவேண்டும். மூன்று, இக்கடமை ஆள்வோர்க்கு உரியது. மணிபல்லவத்தில் மணிமேகலை புண்ணியராசனிடம் கூறியது அவன் துறவுக்கு விடைகொடுக்கும் மொழியன்று. நாட்டுக்குத் திரும்பிச் செய்யவேண்டிய பணியின் பட்டியல். அதன் மூன்றாவது பணி இன்னும் முடியவில்லை.